38-ஐ அழுத்தினால் 34 ஏன் மணி அடித்தது?



போன ஐப்பசி மழையில் நம் இன்டர்காம் செய்த கூத்து உங்களுக்கு நினைவிருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் மருந்துக் கடைப் பையன் வாசலில் வந்து நின்றான். செக்யூரிட்டி 38-ஐ அழுத்தினார். அந்த வீட்டு அம்மா எண்பதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர். மணிக்காகக் காத்துக்கொண்டே இருந்தார். மணி அடித்ததோ 34-ல். அங்கே எல்லோரும் தூங்கிப்போயிருந்தார்கள். பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டான். மருந்து மறுநாள் காலையில்தான் வந்தது. அந்த இரவு அம்மா பட்ட பாட்டை அவருடைய மகள் கூட்டத்தில் சொன்னபோது யாருக்கும் பேச்சு வரவில்லை.

பேச்சு வந்ததும் எல்லோரும் ஒரே திசையில் பேசினோம். இந்தத் தொல்லை பகலில் கிடையாது, இரவில் மட்டும்தான். இரவில் இருப்பவர் ஒரே ஆள். போதாக்குறைக்கு, 34-ஆம் எண் வீட்டிலிருந்து அவருக்குத் தினமும் காபி போகும். "காபி கொடுக்கிற வீட்டைக் கை தானாகத் தேடுகிறது" என்று ஒருவர் சொன்னதற்குச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆளை மாற்றச் சொல்லி ஏஜென்சிக்குக் கடிதம் தயாரானது. ஒரு வாரம் பொறுங்கள் என்று நான் கேட்டது செக்யூரிட்டிக்குப் பரிந்து அல்ல. தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் உட்கார்ந்தவனுக்கு 38, 34 என்ற இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்ததும் ஏதோ உறுத்தியது. அவ்வளவுதான்.

அந்த வாரத்தில் என்ன கண்டுபிடித்தோம் என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். எழுத உட்கார்ந்தபோது ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் இருப்பது சுமார் நூற்றைம்பது வருடக் கதை. அதைச் சொல்லாமல் பழுதை மட்டும் சொன்னால் பாதிதான் புரியும்.

முதலில் பிரச்சினை என்ன என்று பாருங்கள். நம்மிடம் 96 வீடுகள். வாசலில் ஒரே ஒரு தொலைபேசி. அதில் வருகிற ஒரு பேச்சை 96-ல் சரியான ஒரு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மற்ற 95 வீடுகளிலும் மணி அடிக்கக் கூடாது. தொலைபேசி பிறந்த நாள் முதல் இருக்கிற கேள்வி இதுதான்: யாரை யாரோடு சேர்ப்பது, அதைத் தேர்ந்தெடுப்பது யார்?

நம் நாட்டில் 1882-ல் கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களில் எக்ஸ்சேஞ்சுகள் திறந்தபோது தேர்ந்தெடுத்தது மனிதக் கை. கல்கத்தாவில் தொடக்கத்தில் 93 சந்தாதாரர்கள். கிட்டத்தட்ட நம் குடியிருப்பு அளவு. ஒரு பலகை நிறையத் துளைகள், கையில் ஒயர் கோத்த பிளக். நீங்கள் பேரையோ எண்ணையோ சொன்னால் ஆபரேட்டர் அந்தத் துளையில் செருகுவார். ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுத் திண்ணையில் காத்திருந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆர்டினரியா, அர்ஜென்டா, லைட்னிங்கா என்று கேட்பார்கள். ஆபரேட்டர் அம்மா மனது வைத்தால்தான் லைன். பக்கத்து வீட்டு பி.பி. நம்பர் வேறு. அங்கே இன்னொருவர் மனது வைக்க வேண்டும்.

மனிதர் கையிலிருந்து இந்தத் தேர்வைப் பிடுங்கி இயந்திரத்திடம் கொடுத்தவர்களில் இருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒருவர் தந்தி ஆபரேட்டர். மற்றவர் பிணப்பெட்டிக் கடைக்காரர்.

எமில் போதோ 1845-ல் பிரான்ஸில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. 1869-ல் தந்தித் துறையில் பயிற்சி ஆபரேட்டராகச் சேர்ந்தார். அங்கே அவர் கண்ணில் பட்டது ஒரு வீண்செலவு. ஊரிலிருந்து ஊருக்குக் கம்பம் நட்டுக் கம்பி இழுக்க ஏராளமான பணம் ஆகிறது. ஆனால் அந்தக் கம்பி பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கிறது. மின்சாரத்தின் வேகம் எங்கே, ஆபரேட்டர் விரலின் வேகம் எங்கே! ஒருவர் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்ததைத் தட்டுவதற்குள் இன்னும் பல பேர் தங்கள் எழுத்துகளை அனுப்பிவிடலாம். அதற்கு ஒழுங்காக முறை வைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆளை அவர் இரும்பிலும் பித்தளையிலும் செய்தார்.

ஒரு வட்டத் தட்டை மனதில் வரைந்துகொள்ளுங்கள். அதை நான்கு பங்காக வெட்டுங்கள். ஒவ்வொரு பங்கிலும் ஐந்து உலோகத் துண்டுகள். நடுவில் கடிகார முள் மாதிரி ஒரு தூரிகை சுற்றிச் சுற்றி வருகிறது. முதல் பங்கைத் தொடும்போது முதல் ஆபரேட்டரின் எழுத்து கம்பியில் ஏறும். இரண்டாம் பங்கில் இரண்டாமவர். இப்படி நான்கு பேர், மறுபடி முதலாமவர். அந்தப் பக்கம் இன்னொரு ஊரிலும் இதே தட்டு, இதே தூரிகை, இதே வேகம். இங்கே மூன்றாம் பங்கில் முள் இருக்கும் அதே நொடியில் அங்கேயும் மூன்றாம் பங்கில் இருந்தால், மூன்றாமவரின் எழுத்து மூன்றாம் இயந்திரத்தில் போய் அச்சாகும். ஒரே கம்பி, நான்கு உரையாடல்கள். தெருக்குழாயில் முறை வைத்துத் தண்ணீர் பிடிப்பது போலத்தான். ஆனால் இங்கே ஒரு குடத்துக்குக் கண்ணிமைக்கும் நேரம்.

பலவற்றில் ஒன்றைத் தேர்ந்து ஒரே கம்பியில் ஏற்றும் சுற்றுக்கு இன்று மல்டிபிளெக்ஸர் என்று பெயர். எதிர்முனையில் பிரித்துக் கொடுப்பது டீமல்டிபிளெக்ஸர். பெயர்தான் நீளம், வேலை போதோவின் முள் செய்த வேலை.

ஐந்து உலோகத் துண்டுகள் என்றேனே, அது எதற்கு? ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு துண்டு வைத்தால் தட்டு வண்டிச் சக்கரம் அளவுக்குப் போய்விடும். போதோ ஒவ்வொரு எழுத்தையும் ஐந்து 'உண்டு, இல்லை'களாக மாற்றினார். ஐந்து இடங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்ப்பு. இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32. பிரெஞ்சு எழுத்துகளுக்கு அது போதும். எண்களுக்குத் தனியாக 'இனி வருவது எண்' என்று சொல்லும் ஒரு குறி வைத்தார். ஆபரேட்டரின் முன்னால் ஐந்தே கட்டைகள்: இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. எழுத்தைக் குறியாக மாற்றுகிற வேலை, அதாவது என்கோடர் வேலை, ஆபரேட்டரின் விரல்களுக்கு. குறியை மறுபடி எழுத்தாக்கி அச்சிடுகிற டீகோடர் வேலை மறுமுனை இயந்திரத்துக்கு.

இதில் ஆபரேட்டர்கள் பட்ட அவஸ்தையையும் சொல்ல வேண்டும். உங்கள் முறை வரும்போது முள் உங்களுக்காக நிற்காது. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தத் தாளத்தில் ஐந்து கட்டைகளையும் சரியாக அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். தாளம் தப்பினால் எழுத்து போச்சு. மிருதங்கம் வாசிப்பவர்களுக்கு இது சுலபமாக வந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

1874-ல் காப்புரிமை. 1877 நவம்பரில் பாரிஸுக்கும் போர்தோவுக்கும் இடையே சோதனை. 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம். ஆனால் ஆராய்ச்சிக்குத் துறை காசு கொடுக்கவில்லை. வேலை நேரம் போக மீதி நேரத்தில், சொந்தச் செலவில் செய்தார். ஒரு கட்டத்தில் அந்தத் தங்கப் பதக்கத்தையே விற்க வேண்டி வந்தது.

இன்னொரு சோகமும் இதில் உண்டு. மிமோ என்ற இன்னொரு தந்திக்காரர், ஐந்து குறி யோசனை தன்னுடையது, போதோ திருடிவிட்டார் என்று வழக்குப் போட்டார். தீர்ப்பு போதோ பக்கம். மிமோவின் மனம் ஆறவில்லை. 1888-ல் அவர் தந்திப் பள்ளியின் தலைவராக இருந்த ரேனோவைச் சுட்டார், ரேனோ இறந்துபோனார். ஐந்து 'உண்டு, இல்லை'களுக்காக ஓர் உயிர். பாடப்புத்தகத்தில் டீகோடர் பாடம் நடத்தும்போது இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

போதோ 1903-ல் இறந்தார். தகவல் வேகத்தை அளக்கும் 'பாட்' என்ற அலகு அவர் பெயரின் முதல் பாதி. பழைய மோடம் வைத்து இன்டர்நெட் பார்த்தவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள்.

இனி பிணப்பெட்டிக் கடைக்காரர். ஆல்மன் ஸ்ட்ரோஜர், அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் இறுதிச் சடங்குத் தொழில் செய்தவர். இவரைப் பற்றி எல்லா எக்ஸ்சேஞ்சுகளிலும் சொல்லப்படும் கதை இது. ஊரில் போட்டித் தொழில்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய மனைவிதான் டெலிபோன் ஆபரேட்டர். யாராவது இறந்துபோய், வீட்டார் போன் எடுத்து "ஸ்ட்ரோஜருக்குக் கொடுங்கள்" என்றால், அந்த அம்மாள் தன் கணவருக்குக் கொடுத்துவிடுவாராம். ஸ்ட்ரோஜரின் சொந்தச் சிநேகிதர் இறந்தபோதே சடங்கு அடுத்த கடைக்குப் போனதாகவும், அன்றுதான் அவர் 'இனி ஆபரேட்டரே இல்லாத எக்ஸ்சேஞ்ச் செய்கிறேன் பார்' என்று கிளம்பியதாகவும் சொல்வார்கள்.

இந்தக் கதையை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கேட்டேன். சொன்ன சீனியர், அதற்கு இன்னொரு வடிவமும் இருக்கிறது என்றார். அதன்படி ஆபரேட்டர் அம்மாள் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஸ்ட்ரோஜர் கடையின் முன்னால் தொங்கிய தகரப் போர்டு காற்றில் ஆடி டெலிபோன் ஒயரில் உரசியதாம். உரசும்போதெல்லாம் லைன் செத்துப்போகும். கம்பெனி ஆள் வந்து போர்டை நகர்த்தியதும் எல்லாம் சரியாகிவிட்டதாம். எது உண்மை என்று கேட்டேன். "எது உண்மையா இருந்தா என்ன தம்பி, எக்ஸ்சேஞ்ச் வந்துடுச்சுல்ல" என்றார். போன ஐப்பசி வரைக்கும் அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது.

உறுதியாகத் தெரிந்தது இது: 1891 மார்ச் 10-ல் ஸ்ட்ரோஜருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1892 நவம்பர் 3-ல் இந்தியானா மாநிலத்தில் லா போர்ட் என்ற சிற்றூரில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் திறந்தார்கள். 99 லைன்கள் கொள்ளும். சந்தாதாரர்கள் சுமார் 75 பேர். மறுபடியும் நம் குடியிருப்பு அளவுதான் பாருங்கள்.

முதலில் வந்த போனில் டயல் கிடையாது. பத்துக்கு ஒரு பொத்தான், ஒன்றுக்கு ஒரு பொத்தான். 24 வேண்டுமென்றால் பத்துப் பொத்தானை இரண்டு முறை, ஒன்றுப் பொத்தானை நான்கு முறை தட்ட வேண்டும். ஒவ்வொரு பொத்தானுக்கும் எக்ஸ்சேஞ்ச் வரை தனித்தனி ஒயர் போயிற்று. ஒயரை மிச்சப்படுத்த வந்த வித்தையில் ஒயர் கூடினால் எப்படி? 1896-ல் அவருடைய கூட்டாளிகள் சுழலும் டயலைக் கொண்டுவந்தார்கள். நாம் விரலை விட்டுச் சுழற்றிய அதே டயல். நான்கைச் சுழற்றிவிட்டால் திரும்பி வரும்போது லைனை நான்கு முறை வெட்டிச் சேர்க்கும். பூஜ்யம் என்றால் பத்து முறை. எண் முழுக்கப் பேசுகிற அதே ஜோடிக் கம்பியிலேயே போய்விடும்.

எக்ஸ்சேஞ்சில் அதை வாங்கிக்கொள்கிற செலக்டர் இயந்திரம்தான் என் இளமையைத் தின்றது. அரை வட்டமாக வளைந்த பத்து வரிசைகள், ஒவ்வொரு வரிசையிலும் பத்து முனைகள், மொத்தம் நூறு. நடுவில் ஒரு தண்டு. முதல் இலக்கம் வந்ததும் தண்டு அத்தனை படி மேலே ஏறும். இரண்டாம் இலக்கத்துக்கு அத்தனை முனை பக்கவாட்டில் திரும்பும். 38 என்றால் மூன்று மாடி ஏறி எட்டாவது கதவு. லைன் சேர்ந்தது. பேச்சு முடிந்ததும் 'சர்ர்' என்று திரும்பித் தொப்பென்று கீழே விழும். 1948-ல் பெங்களூரில் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் இந்த இயந்திரங்களைச் செய்து நாடெங்கும் அனுப்பியது. 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவே எஸ்.டி.டி. வந்தபோதுதான் நம் நாட்டில் முதன்முதலாக வெளியூரையும் விரலால் தேர்ந்தெடுக்க முடிந்தது. காலை பத்து மணிக்கு செலக்டர் ஹாலுக்குள் நுழைந்தால் ஓட்டுக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற சத்தம். அதைக் கேட்டே ஊர் எப்போது விழித்தது, எப்போது தூங்கியது என்று சொல்லிவிடுவோம்.

ஸ்ட்ரோஜர் பெரிதாகப் பணம் பார்க்கவில்லை. 1896-ல் காப்புரிமைகளை 1,800 டாலருக்கும், இரண்டு வருடம் கழித்துக் கம்பெனியில் தன் பங்கை 10,000 டாலருக்கும் கொடுத்துவிட்டார். 1902-ல் இறந்தார். 1916-ல் அதே காப்புரிமைகள் 25 லட்சம் டாலருக்குக் கைமாறின. ஆபரேட்டர் பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். 1878-ல் பாஸ்டனில் எம்மா நட் என்பவர் முதல் பெண் ஆபரேட்டராகச் சேர்ந்தார். அதற்கு முன் அந்த வேலையைப் பார்த்த பையன்கள் வாடிக்கையாளர்களிடம் துடுக்காகப் பேசினார்கள் என்பதற்காகத்தான் பெண்களைக் கூப்பிட்டார்கள். வீட்டை விட்டு வெளியே வந்து சம்பாதிக்க அது எத்தனையோ பெண்களுக்கு முதல் கதவாக இருந்தது. டயல் பரவப் பரவ அந்தக் கதவு மெல்ல மெல்லச் சாத்திக்கொண்டது. தங்கள் மேல் சுமத்தப்பட்ட பழிக்கு ஒருவராவது பதில் சொன்னாரா என்று எந்தக் கதையிலும் வரவில்லை.

இதுவரை வந்தவர்கள் எல்லாம் கைவேலைக்காரர்கள். இதற்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கிறது என்று காட்டியவர் கிளாட் ஷானன். 1937-ல், தம் 21-ஆம் வயதில், எம்.ஐ.டி.யில் முதுகலைப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில் அவர் சொன்னது எளிமையானது: ஸ்விட்ச் மூடியிருக்கிறது, திறந்திருக்கிறது என்பதும், வாக்கியம் மெய், பொய் என்பதும் ஒரே கணக்கு. அந்தக் கணக்கை ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயர் 1847-லேயே எழுதி வைத்துவிட்டார். தொடராக வைத்த இரண்டு ஸ்விட்சுகள் 'இதுவும் அதுவும்'. பக்கவாட்டில் வைத்தால் 'இதுவாவது அதுவாவது'. ஜப்பானில் நகஷிமா, ரஷ்யாவில் ஷெஸ்டகோவ் என்று அதே காலத்தில் வேறு சிலரும் தனித்தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அதன் பிறகு தேர்வுச் சுற்றைத் தட்டிக் கொட்டிச் செய்ய வேண்டியதில்லை. காகிதத்தில் எழுதிச் சுருக்கிவிட்டுப் பிறகு செய்யலாம்.

நம் இன்டர்காம் எண்ணையே அந்தக் கணக்கில் எழுதிப் பார்ப்போம். போதோவுக்கு ஐந்து இடங்கள்; நமக்கு ஏழு வேண்டும், ஏனென்றால் இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128, ஆறு முறை என்றால் 64தான். ஏழு இடங்களின் மதிப்பு 64, 32, 16, 8, 4, 2, 1. காய்கறிக் கடைத் தராசில் படிக்கற்கள் மாதிரி. 38-ஐ நிறுக்க வேண்டும்: 64 வேண்டாம், 32 வை, 16 வேண்டாம், 8 வேண்டாம், 4 வை, 2 வை, 1 வேண்டாம். ஏழு கம்பிகளில் மூன்றில் மின்சாரம், நான்கில் இல்லை. இந்த ஏழு கம்பிகளை வாங்கிக்கொண்டு 128-ல் ஒரே ஒரு முனையை மட்டும் உசுப்புவது டீகோடர். '32 உண்டு, 4 உண்டு, 2 உண்டு, மற்றவை எதுவும் இல்லை' என்று ஏழும் ஒத்துப்போனால்தான் 38-ஆம் முனை விழிக்கும்.

இந்தத் தராசில் ஒரு ஆபத்து உண்டு. மூன்று என்பது 011, நான்கு என்பது 100. மூன்றிலிருந்து நான்குக்குப் போக மூன்று இடங்களும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். ஒன்று கொஞ்சம் பிந்தினாலும் நடுவில் ஏதோ ஒரு பொய் எண் தோன்றி மறையும். பெல் ஆய்வுக்கூடத்தில் பேச்சைக் குறியாக மாற்றும் குழாய் ஒன்றைச் செய்துகொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. எலக்ட்ரான் கற்றை இரண்டு எண்களின் எல்லையில் விழுந்தால் பெரிய பிழை வந்துவிடும். ஃபிராங்க் கிரே எண்களின் வரிசையை மாற்றி எழுதினார். அவர் முறையில் மூன்று 010, நான்கு 110. அடுத்தடுத்த எண்களுக்குள் ஒரே ஓர் இடம்தான் மாறும், அதனால் பிழை வந்தாலும் பக்கத்து எண்ணோடு போகும். 1947-ல் விண்ணப்பித்து 1953-ல் காப்புரிமை வாங்கினார். சுழலும் தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அறியும் கருவிகளில் இன்றும் கிரே குறிதான் பெரும்பாலும் இருக்கும்.

அந்த ஆராய்ச்சி வழியில்தான் 1962-ல் சிகாகோ பக்கத்தில் டி1 என்ற முறை வந்தது. ஒவ்வொரு பேச்சையும் நொடிக்கு 8,000 முறை எட்டிப் பார்த்து, பார்த்த அளவை எண்ணாக எழுதி, 24 பேரின் எண்களை முறை வைத்து இரண்டே ஜோடிக் கம்பிகளில் அனுப்பினார்கள். போதோவின் முள் நான்கு பேரைச் சுற்றி வந்தது. இந்த முள் கண்ணுக்குத் தெரியாமல் 24 பேரைச் சுற்றி வந்தது.

நம் நாட்டில் 1984-ல் சி-டாட் நிறுவனம் தொடங்கியது. அவர்கள் செய்த கிராமத்து எக்ஸ்சேஞ்ச் 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலில் ஓடியது. ஏ.சி. அறை கேட்காது, தூசிக்கும் வெயிலுக்கும் அசராது. எத்தனை லைன் தெரியுமா? 128. ஏழு கம்பிக் கணக்கு. ஒரு ஹால் நிறையக் கொட்டிய ஆலங்கட்டி மழை ஒரு பீரோவுக்குள் போய் அடங்கி, சத்தமே இல்லாமல் ஆகிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். கிராமத்திலிருந்து முதல் முறையாக மகனிடம் பேசிய தாய்க்கு அந்த வருத்தம் இருந்திருக்காது.

இனி நம் பெட்டி. பழைய வகை. உள்ளே 12 அட்டைகள், அட்டைக்கு 8 வீடுகள், 00-லிருந்து 95 வரை எண்கள். (00 கிடைத்த வீட்டுக்காரர் இன்னும் என்னிடம் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.) ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சின்னச் சில்லு, 74138 என்று பெயர். 1960-களில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தொடங்கிய 74 வரிசையைச் சேர்ந்தது. பதினாறு கால்கள்: மூன்று கம்பி உள்ளே, எட்டு கம்பி வெளியே, மீதி மின்சாரத்துக்கும் 'இந்த அட்டை பேசலாம்' என்கிற அனுமதிக்கும். எண்ணின் பெரிய நான்கு படிக்கற்கள் எந்த அட்டை என்று சொல்லும். சின்ன மூன்று, அதாவது 4, 2, 1, அட்டையில் எத்தனையாவது வீடு என்று சொல்லும். அந்த மூன்று கம்பிகளும் எல்லா அட்டைகளுக்கும் பொது.

செக்யூரிட்டியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, எதை அழுத்தினீர்கள், யார் எடுத்தார்கள் என்று மட்டும் எழுதச் சொன்னேன். தன் மேல் என்ன பேச்சு ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் எழுதினார். மூன்று மழை இரவுகளில் சேர்ந்த பட்டியல் இது: 38 அழுத்த 34. 53 அழுத்த 49. 77 அழுத்த 73. 12 அழுத்த 08. 95 அழுத்த 91. மற்றவை சரி.

கழித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் நான்கு குறைகிறது. 4 என்ற படிக்கல் உள்ள எண்கள் மட்டும்தான் தவறின. அது இல்லாத 34-ஓ 49-ஓ ஒருமுறைகூடத் தவறவில்லை. ஆள் வேண்டுமென்றே செய்தால் காபி கொடுக்கிற வீட்டுக்கு மட்டும் போக வேண்டும். ஐந்து வீடுகளுக்கு ஒரே கணக்கில் போகாது. ஓர் அட்டை கெட்டிருந்தால் எட்டு வீடுகளோடு நின்றிருக்கும். எல்லா அட்டைகளிலும் ஒரே தவறு என்றால் பொதுக் கம்பியில்தான் கோளாறு. நம் 96 வீடுகளில் சரிபாதி, 48 வீடுகள், மழை இரவுகளில் வாசலோடு தொடர்பு அற்றுக் கிடந்திருக்கின்றன. இரவில் ஆள் வருவது குறைவு என்பதால் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர், செக்யூரிட்டி, நான் மூவருமாகப் பெட்டியைத் திறந்தோம். அட்டைகளை இணைக்கும் நீளப் பட்டையின் முனையில், 4-க்கான காலுக்கும் பக்கத்திலிருந்த எர்த் காலுக்கும் நடுவே, காய்ந்துபோன பல்லி எச்சம். வெயிலில் அது வெறும் தூசி. இரவில் மழை ஈரம் பட்டால் மின்சாரம் கடத்தும். 4 என்ற கம்பி எர்த்தோடு சேர்ந்து எப்போதும் 'இல்லை' என்றே சொல்லும். பழைய டூத் பிரஷும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் போதுமானதாக இருந்தது. பெட்டியின் பின்பக்க ஓட்டையை வலை வைத்து அடைத்தோம்.

அன்று இரவு மழை இல்லை. திங்கள் இரவு நல்ல மழை. பதினொரு மணிக்கு 38-ஆம் எண் வீட்டு அம்மாவிடம் முன்பே சொல்லிவைத்திருந்தபடி செக்யூரிட்டி அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்தார். "சொல்லுப்பா" என்றார். இவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "ஒண்ணுமில்லம்மா, வேலை செய்யுதான்னு பார்த்தேன்" என்று வைத்துவிட்டார்.

ஏஜென்சிக்கு எழுதிய கடிதத்தைச் செயலாளர் கிழித்துப் போட்டுவிட்டார். இன்டர்காமை எடுத்துவிட்டு மொபைல் ஆப் போடுவது பற்றிய தீர்மானம் வருகிற பொதுக்குழுவில் வருகிறது. உங்கள் வாக்கு உங்கள் விருப்பம். ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகள் எத்தனை என்ற கணக்கை அதற்கு முன் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த நோட்டுப் புத்தகம் அலுவலக மேசையின் மேல் இழுப்பறையில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம்.